செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைக் கற்பித்ததில் கண்டவை

முக்கோணவியலின் தொடக்கப் பாடங்களை முதலில் பள்ளி மாணவர்களுக்கும், பிற்பாடு தச்சு, பற்றவைப்பு, கட்டட வேலை முதலிய தொழில்களைப் பயிலும் இளைஞர்களுக்கும் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரே பாடத்தில் இவ்விரு சாராரும் தடுமாறிய இடங்கள் வேறுவேறாக இருந்தன. சைன் என்பது எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்துக் கிடைப்பது, காஸ் என்பது அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்துக் கிடைப்பது, டேன் என்பது எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்துக் கிடைப்பது என்று பள்ளி மாணவர்கள் தயங்காமல் ஒப்பித்தார்கள். ஆனால் புத்தகத்தில் உள்ள முக்கோணத்தைச் சற்றே திருப்பி வரைந்துவிட்டால், எது எதிர்ப்பக்கம் என்று காட்ட அவர்களால் இயலவில்லை. தொழில் பயில்வோருக்கோ சாய்வு, மட்டம், மூலை ஆகியவை கைப்பழக்கத்திலேயே தெரிந்திருந்தன. சூத்திரத்தை எழுதச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். இரண்டு குழுவினருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான் என்பது போகப்போகத் தெளிவாயிற்று. எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே பக்கங்களுக்குப் பெயர் சூட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டால் பாடத்தின் பெரும்பகுதி தானாக நேராகிவிடுகிறது.

கர்ணத்தைப் பற்றி மட்டும் ஐயம் எழ வேண்டியதில்லை. செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். மூன்று பக்கங்களிலும் அதுவே நீளமானது. முக்கோணத்தை எப்படித் திருப்பினாலும் அது மாறாது. மற்ற இரண்டு பக்கங்களுக்கும் இத்தகைய நிலையான பெயர் கிடையாது. 5, 12, 13 என்ற பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சிறிய குறுங்கோணத்திலிருந்து பார்த்தால் 5 எதிர்ப்பக்கம், 12 அடுத்துள்ள பக்கம். ஆகவே அக்கோணத்தின் சைன் 5/13. மற்றொரு குறுங்கோணத்துக்கு நகர்ந்துவிட்டால் 12 எதிர்ப்பக்கமாகிறது, சைனும் 12/13 ஆகிறது. ஒரு கோணத்தின் சைன் அதன் நிரப்புக் கோணத்தின் காஸாக அமைவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அதே இரு பக்கங்களை எதிர் முனையிலிருந்து பார்க்கும்போது பெயர்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான்.

பாடநூல்களில் செங்கோணம் பெரும்பாலும் கீழ் மூலையில் அமைந்திருக்கும், கர்ணம் சாய்ந்த கோடாக இருக்கும், கோணக் குறி இடது அல்லது வலது கீழ் முனையில் இருக்கும். இந்தப் படத்தையே திரும்பத் திரும்பக் கண்ட மாணவர்கள், சாய்ந்த கோடு எதுவோ அதுவே கர்ணம் என்றும், கிடக்கும் கோடு எதுவோ அதுவே அடுத்துள்ள பக்கம் என்றும் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். அதனால் கர்ணம் தரைக்கு இணையாகவும் செங்கோணம் உச்சியிலும் வரும்படி வரைந்த முதல் படத்திலேயே பாதிக்கு மேற்பட்டோர் குழம்பிப் போவதை ஒவ்வொரு வகுப்பிலும் கண்டிருக்கிறேன். இதற்கு நான் கையாண்ட வழி எளியது. தடித்த அட்டையில் ஒரு செங்கோண முக்கோணத்தை வெட்டி, ஒரு குறுங்கோணத்தில் புள்ளியிட்டு, அட்டையை வெவ்வேறு நிலைகளில் பலகையில் பொருத்தி, ஒவ்வொரு முறையும் மூன்று பக்கங்களையும் பெயர் சொல்லிக் காட்டச் செய்தேன். பிறகு புள்ளியை மற்றக் குறுங்கோணத்துக்கு மாற்றி மீண்டும் கேட்டேன். எண்களோ சூத்திரமோ இன்றி இந்தப் பயிற்சிக்கு மட்டும் ஒரு முழு வகுப்பை ஒதுக்குவது வீண் என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்குப் பின் வந்த வாரங்களில் மிச்சமான நேரம் அதைவிடப் பன்மடங்கு என்பது என் அனுபவம்.

திறந்த வெளியில் நீண்ட கயிற்றால் முக்கோணம் அமைத்து, மூன்று மூலைகளிலும் மாணவர்களை நிறுத்திப் பார்த்ததும் நல்ல பலன் தந்தது. குறுங்கோணத்தில் நிற்பவரின் கைகள் இரண்டு கயிறுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். தொடாத கயிறு எதிரே குறுக்காகக் கிடக்கும். தொடாதது எதிர்ப்பக்கம். தொடுகிற இரண்டில் நீளமானது கர்ணம், மற்றது அடுத்துள்ள பக்கம். செங்கோணத்தில் நிற்பவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், எதிரே இருப்பது கர்ணம் என்பதும், தொடுகிற இரண்டும் தமக்குள் சமநிலை உடையவை என்பதும், அங்கே நின்றுகொண்டு அடுத்துள்ள பக்கம் எது என்று தேடுவதில் பொருளில்லை என்பதும் அவருக்கே புரிந்துவிடும். செங்கோண முக்கோணத்தைக் கொண்டு விகிதங்களைக் குறுங்கோணங்களுக்கு மட்டும் வரையறுப்பதன் காரணத்தை நான் தனியாக விளக்க நேர்ந்ததே இல்லை.

பக்கங்களின் பெயர்கள் உறுதியான பிறகுதான் விகிதத்துக்குப் போக வேண்டும் என்று கருதுகிறேன். சைன் 35° என்பது ஏதோ பட்டியலிலிருந்தோ கணிப்பானிலிருந்தோ வரும் எண் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக உள்ளது. அதை நீக்க, வகுப்பில் ஒவ்வொருவரையும் தாம் விரும்பிய அளவில், ஆனால் ஒரு குறுங்கோணம் 35° இருக்குமாறு, செங்கோண முக்கோணம் ஒன்றை வரையச் சொல்வேன். சிலர் விரல் நீளத்துக்கு வரைவார்கள், சிலர் தாள் முழுவதையும் நிரப்புவார்கள். எதிர்ப்பக்கத்தை அளந்து கர்ணத்தால் வகுக்கச் சொன்னால் 0.56, 0.57, 0.58 என்றே விடைகள் வரிசையாக வரும். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் எல்லோருக்கும் 0.7-ஐ ஒட்டி வரும். பெரிய முக்கோணம் வரைந்தவருக்கும் சிறியது வரைந்தவருக்கும் ஒரே எண் எப்படி வந்தது என்ற கேள்வி அப்போது அவர்களிடமிருந்தே எழுகிறது. இரண்டு கோணங்கள் சமமானால் முக்கோணங்கள் வடிவொத்தவை, வடிவொத்தவற்றில் பக்கங்களின் விகிதம் மாறாது என்று முந்தைய வகுப்பில் படித்தது அங்கே உயிர்பெறுகிறது. அதன்பின் கணிப்பானில் சைன் 35° என்று அழுத்தி 0.5736 என்பதைக் காட்டினால், அந்த எண் அவர்கள் கையால் அளந்ததன் திருத்தமான வடிவம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபட்டர் தந்த சைன் பட்டியலைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்வது வழக்கம். வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகளாக, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்குகளாகக் கொண்டால் ஆரம் ஏறத்தாழ 3438 ஆகும். அந்த ஆரத்துக்கு 3 பாகை 45 கலை இடைவெளியில் 90 பாகை வரை 24 மதிப்புகளை அவர் அமைத்தார். 30 பாகைக்குரிய எட்டாவது மதிப்பு 1719. அது 3438-இல் சரிபாதி. முதல் மதிப்பு 225, அந்தக் கோணத்துக்குரிய வில்லின் நீளமும் 225 கலைகளே. சிறிய கோணங்களில் வில்லும் அதன் சைனும் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன என்ற பெரிய உண்மை அந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே அடங்கியிருப்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

எந்த விகிதத்தைப் பயன்படுத்துவது என்று தெரியாமல் கணக்கின் முன் உறைந்துபோகும் மாணவர்களுக்கு நான் ஒரே ஒழுங்கைத்தான் வற்புறுத்தினேன். படம் வரைந்து, கோணத்தைக் குறித்து, மூன்று பக்கங்களுக்கும் பெயர் எழுதிய பின், தெரிந்த பக்கத்தையும் தேடுகிற பக்கத்தையும் அடையாளமிட வேண்டும். கேள்வியில் தலைகாட்டாத மூன்றாவது பக்கத்தை அடித்துவிட வேண்டும். மிஞ்சிய இரண்டும் எந்த விகிதத்தில் சேர்ந்து வருகின்றனவோ அதுதான் நமக்கு வேண்டியது. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. கர்ணம் அடிபட்டுவிட்டால் டேன் தவிர வேறொன்றும் இருக்க முடியாது.

விகிதத்தைச் சரியாகத் தேர்ந்தவர்களும் அடுத்த படியில் வழுக்குவதுண்டு. எதிர்ப்பக்கம் 7 மீட்டர், கோணம் 28°, கர்ணம் எவ்வளவு என்ற கணக்கில், தேடுகிற அளவு வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அவசரத்தில் 7-ஐ 0.4695-ஆல் பெருக்கி 3.29 என்று விடை எழுதிவிடுவார்கள். எதிர்ப்பக்கமே 7 மீட்டராக இருக்கையில் கர்ணம் 3.29 மீட்டராக இருக்க முடியுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே போதும். பெருக்க வேண்டிய இடமா வகுக்க வேண்டிய இடமா என்பது தெரிந்துவிடும். வகுத்தால் 14.91 மீட்டர் வருகிறது. சைனும் காஸும் குறுங்கோணத்துக்கு ஒருபோதும் 1-ஐ எட்டாதவை, ஆகவே அவற்றால் வகுத்தால் எண் பெருகும், பெருக்கினால் குறையும். இந்தச் சோதனையை விடைத்தாளின் ஓரத்தில் எழுதிப் பழகியவர்கள் தேர்வில் இழந்த மதிப்பெண்கள் மிகச் சில. டேன் மட்டும் இந்த வரம்புக்குக் கட்டுப்படாதது. 45 பாகையைக் கடந்ததும் அது 1-ஐத் தாண்டி, 90 பாகையை நெருங்கும்போது எல்லையின்றி வளர்கிறது.

கணிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாகைக்குப் பதில் ரேடியன் அலகில் இருக்கும் கணிப்பானில் சைன் 30 என்று அழுத்தினால் −0.988 என்று வரும். எண் குறையெண்ணாக இருப்பதால் இங்கே பிழை கண்ணில் பட்டுவிடும். வேறு கோணங்களில் நம்பத்தகுந்த தோற்றமுடைய தவறான எண் வந்து, கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும். வேலையைத் தொடங்கும் முன் சைன் 30-ஐ அழுத்தி 0.5 வருகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை எல்லா வகுப்பிலும் புகுத்தினேன். கணினியின் விரிதாளும் பெரும்பாலான நிரல்மொழிகளும் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கின்றன என்பதையும் தொழில் பயில்வோருக்குச் சேர்த்துச் சொன்னேன். இதோடு, சைனுக்கு மேலே சிறிதாக −1 என்று எழுதப்பட்டிருப்பதைத் தலைகீழி என்று எண்ணி விடுவோரும் உண்டு. 0.5-இன் தலைகீழி 2, 0.5-ஐ சைனாகக் கொண்ட கோணம் 30°. முன்னது ஓர் எண், பின்னது ஒரு கோணம். விடையின் அலகை எழுதும் பழக்கம் உள்ளவருக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

30, 45, 60 பாகைகளுக்குரிய மதிப்புகளை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. 2 அலகு பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தை நடுவில் வெட்டினால் 1, √3, 2 என்ற பக்கங்களும், 1 அலகு பக்கமுள்ள சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் 1, 1, √2 என்ற பக்கங்களும் கிடைக்கின்றன. இந்த இரண்டு படங்களை வரையத் தெரிந்தவர் அட்டவணை முழுவதையும் அரை நிமிடத்தில் தாமே எழுதிவிடலாம். அப்படி எழுதிய அட்டவணையை உற்று நோக்கச் செய்வதுதான் முக்கியம். கோணம் இரட்டிப்பானால் விகிதமும் இரட்டிக்கும் என்ற தவறான நம்பிக்கை மாணவர்களிடம் பிடிவாதமாக இருக்கிறது. டேன் 30° என்பது 0.577, டேன் 60° என்பது 1.732, இரட்டிக்கவில்லை, மும்மடங்காகிவிட்டது. சைனோ முதல் 30 பாகைக்குள்ளேயே 0.5-ஐ எட்டிவிடுகிறது, அடுத்த 30 பாகையில் 0.866-க்கு வருகிறது, கடைசி 30 பாகையில் 0.134 மட்டுமே ஏறுகிறது. சுவரில் சாய்த்த ஏணியின் கோணத்தை 60-லிருந்து 75-க்கு உயர்த்தினால் மேல்முனை அவ்வளவாக உயராமல் இருப்பதைத் தொழில் பயில்வோர் நேரில் கண்டிருந்தார்கள். அதற்குரிய கணக்கு இதுவென்று காட்டியபோது முகம் மலர்ந்தது அவர்களுக்குத்தான்.

ஏணியைச் சாய்ப்பதற்கு நாலுக்கு ஒன்று என்ற பாதுகாப்பு விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஏணியின் அடி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. அந்த நாலு என்பது ஏணியின் நீளமா, ஏணி தொடும் உயரமா என்று ஒரு வகுப்பில் வாதம் எழுந்தது. நீளம் என்று கொண்டால் காஸ் 1/4, கோணம் 75.5°. உயரம் என்று கொண்டால் டேன் 4, கோணம் 76.0°. வித்தியாசம் அரைப் பாகை. நடைமுறையில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆயினும் வகுக்கும் எண்ணாக நிற்பது கர்ணமா வேறு பக்கமா என்று கேட்கும் கூர்மையை அந்த வாதம் வளர்த்தது. 6 மீட்டர் ஏணியின் அடியை 1.5 மீட்டர் தள்ளி வைத்தால் அது 5.81 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடும் என்பதை அவர்கள் பிதாகரஸ் தேற்றத்தாலும் சைனாலும் தனித்தனியே கண்டு ஒப்பிட்டார்கள்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்ற சாய்வு பல கட்டட விதிகளில் உச்ச வரம்பாக உள்ளது. 60 சென்டிமீட்டர் உயரம் ஏற 7.2 மீட்டர் கிடைநீளம் தேவை, கோணம் 4.76°. இங்கே கர்ணம் 7.225 மீட்டர், கிடைநீளத்தைவிட இரண்டரை சென்டிமீட்டரே கூடுதல். ஆகவே சைன் வேண்டிய இடத்தில் டேனைப் போட்டாலும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே வரும். இது ஆபத்தான வசதி. மென்சாய்வுகளில் மட்டுமே வேலை செய்து பழகியவர் இவ்விரண்டையும் ஒன்றெனவே நம்பிவிடுகிறார். கூரைச் சாய்வு போன்ற செங்குத்தான இடத்துக்கு வரும்போது வேறுபாடு பெரிதாகிவிடுகிறது. 60 பாகையில் டேன் சைனைப் போல் சரியாக இரண்டு மடங்கு, ஏனெனில் அங்கே காஸ் 1/2. ஒரு சூத்திரத்தைச் சரிபார்க்கச் சிறிய கோணத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது என்பதை இந்த எடுத்துக்காட்டால்தான் பதிய வைக்க முடிந்தது.

மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 அளவுகளைப் பயன்படுத்தும் முறை தொழில் பயில்வோர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐந்து வராமல் ஐந்துக்குச் சற்று மேலே வந்தால் கோணம் எவ்வளவு தவறியிருக்கிறது என்பதைத்தான் அவர்கள் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் 3 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டர், குறுக்களவு 5 மீட்டர் 5 சென்டிமீட்டர் என்றால் மூலை 91.2° ஆக விரிந்திருக்கிறது. வெறும் 1.2 பாகைதான் என்று விட்டுவிட முடியாது. அந்த மூலையிலிருந்து 10 மீட்டர் நீளும் சுவர் மறுமுனையில் 21 சென்டிமீட்டர் விலகிப் போயிருக்கும். இடம் இருந்தால் 6, 8, 10 என்று இரட்டித்து அளப்பது நல்லது. நாடாவில் நேரும் அதே அளவுப் பிழை பெரிய முக்கோணத்தில் கோணத்தைக் குறைவாகவே பாதிக்கும்.

கர்ணத்தை வர்க்கமூலம் இல்லாமலே காணலாம் என்று ஒரு வாய்ப்பாடு தமிழில் பரவலாக வழங்கி வருகிறது. செங்கோணத்தை அடுத்த பக்கங்களில் பெரியதை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளி, சிறியதில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்பது அது. 4, 3 என்றால் 3.5 + 1.5 = 5. 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13. இதைச் சொன்னதும் பிதாகரஸ் தேற்றமே தேவையில்லை என்று சில மாணவர்கள் மகிழ்ந்தார்கள். நான் 24, 7 என்ற பக்கங்களைக் கொடுத்தேன், 24.5 வந்தது, உண்மையான கர்ணம் 25. இரண்டு பக்கங்களும் 1 என்றால் 1.375 வருகிறது, உண்மையில் 1.414. வாய்ப்பாட்டை இகழ்வது என் நோக்கமன்று. அது எங்கே பொருந்துகிறது என்று பார்க்கும் வேலையை முக்கோணவியலே செய்து தருகிறது. கர்ணம் 1 என்றும், சிறிய பக்கத்துக்கு எதிரே உள்ள கோணத்தில் நிற்பதாகவும் கொண்டால், பெரிய பக்கம் காஸ், சிறிய பக்கம் சைன். வாய்ப்பாடு தருவது காஸின் 7/8 பங்கும் சைனின் 1/2 பங்கும் சேர்ந்த தொகை. அந்தத் தொகை இரண்டே கோணங்களில் சரியாக 1 ஆகிறது: டேன் 5/12 ஆகவும் 3/4 ஆகவும் இருக்கும் கோணங்கள் அவை. அவற்றுக்கு இடையில் விடை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. அதற்கு அப்பால் இரு புறமும் குறைகிறது. சமபக்கங்களில் 3 சதவீதம் அளவுக்கு, மிக ஒல்லியான முக்கோணத்தில் எட்டில் ஒரு பங்கு வரைக்கும். மனக்கணக்காக விரைந்து மதிப்பிட அது மிக நல்ல கருவி. அதைத் தேற்றத்துக்கு ஈடாக வைக்கக் கூடாது.

உயரத்தை அளக்கும் பயிற்சிதான் இரு குழுவினருக்கும் மிகவும் பிடித்திருந்தது. பாகைமானியின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நுனியில் சிறு எடையைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பின் வழியே உச்சியைப் பார்த்தால், நூல் காட்டும் எண்ணை 90-லிருந்து கழித்து ஏற்றக்கோணத்தை அறியலாம். 18 மீட்டர் தொலைவிலிருந்து 40° என்று கிடைத்தால், டேன் 40° 0.8391 ஆதலால் உயரம் 15.1 மீட்டர். அதனோடு பார்ப்பவரின் கண் மட்டத்தைக் கூட்ட வேண்டும்; 1.5 மீட்டர் என்றால் மொத்தம் 16.6 மீட்டர். கண் மட்டத்தைச் சேர்க்க மறப்பது இங்கே மிகச் சாதாரணமாக நேர்வது, ஏனெனில் புத்தகக் கணக்குகள் பல பார்ப்பவரின் கண் தரையிலேயே இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன.

கணிப்பான் 15.1038 என்று காட்டியதை அப்படியே எழுதி வைத்த மாணவர்களிடம், கோணம் 41° ஆக இருந்திருந்தால் உயரம் எவ்வளவு என்று கேட்டேன். 15.65 மீட்டர். கையால் செய்த கருவியில் ஒரு பாகை பிழை மிக எளிதாக நேரும். அதுவே அரை மீட்டருக்கு மேல் உயரத்தை மாற்றிவிடும்போது, நான்காவது தசம இலக்கத்தை எழுதுவதில் என்ன நேர்மை இருக்கிறது? அளவின் துல்லியத்துக்கு மீறிய இலக்கங்களை விடையில் எழுதாமல் இருப்பதை நான் கணித ஒழுக்கமாகவே கருதுகிறேன்.

அங்கிருந்து எவ்வளவு தொலைவில் நின்று அளப்பது நல்லது என்ற கேள்விக்குப் போனோம். மிக அருகில் நின்றால் ஏற்றக்கோணம் 80°-ஐ நெருங்கும். டேன் 80° 5.671, டேன் 81° 6.314, ஒரு பாகைப் பிழையில் உயரம் 11 சதவீதம் மாறிவிடுகிறது. மிகத் தொலைவில் போய் 10 பாகையில் பார்த்தாலும் பாதிப்பு அதே அளவில்தான் இருக்கிறது. 45 பாகையில் ஒரு பாகைப் பிழை ஏறத்தாழ 3.5 சதவீத மாற்றத்தையே தருகிறது. எல்லாக் கோணங்களிலும் இதுவே மிகக் குறைவு. ஆகவே உயரத்துக்குச் சமமான தொலைவை ஊகித்து, அந்த இடத்திலிருந்து அளப்பது சிறந்தது. இதை வகுப்பில் சொல்லிக் கொடுக்காமல், ஒரே கட்டடத்தை வெவ்வேறு தொலைவுகளிலிருந்து பலரை அளக்கச் செய்து, விடைகள் எங்கே சிதறுகின்றன, எங்கே ஒன்றுகூடுகின்றன என்று அவர்களையே பார்க்கவிட்டேன்.

அடிப்பகுதிக்குப் போக முடியாத உயரங்களுக்கு இரண்டு இடங்களிலிருந்து கோணம் எடுக்க வேண்டும். முதலிடத்தில் 45°, அங்கிருந்து நேராக 10 மீட்டர் பின்னே வந்து பார்க்கையில் 30° என்றால், உயரத்தின் 1.732 மடங்குக்கும் ஒரு மடங்குக்கும் உள்ள வேறுபாடு 10 மீட்டர், உயரம் 13.66 மீட்டர். இம்முறையில் இரண்டு இடங்களும் மிக நெருக்கமாக இருந்தால் இரு கோணங்களின் வேறுபாடு கருவியின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும். தாராளமாகப் பின்னே நடக்க வேண்டும்.

இந்த அளவுக்குத் தேர்ந்த மாணவர்களும் ஒரு புதிய பொறியில் சிக்குவதைப் பிறகு கண்டேன். செங்கோணமே இல்லாத முக்கோணத்தைக் கொடுத்தாலும், நீளமான பக்கத்தைக் கர்ணம் என்று அழைத்து, எதிர்ப்பக்கத்தை அதனால் வகுத்து சைன் என்று எழுதிவிடுகிறார்கள். செங்கோணம் இல்லாத இடத்தில் கர்ணம் என்று ஒன்றில்லை என்று மறுப்பதோடு நிறுத்தினால் அவர்களுக்கு வழி அடைபட்டுவிடும். ஆகவே செங்கோணத்தை நாமே உண்டாக்கலாம் என்று சொன்னேன். 8, 5 என்ற இரு பக்கங்களும் அவற்றுக்கு இடையே 60 பாகையும் கொண்ட முக்கோணத்தில் மூன்றாவது பக்கத்தைக் கேட்டேன். 5 அலகுள்ள பக்கத்தின் மேல்முனையிலிருந்து 8 அலகுள்ள பக்கத்துக்குக் குத்துக்கோடு ஒன்றை இறக்கினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் தோன்றுகின்றன. முதல் முக்கோணத்தில் 5 கர்ணம். 60 பாகையில் நின்று பார்த்தால் குத்துயரம் 5 சைன் 60°, அதாவது 4.33, அடுத்துள்ள பக்கம் 5 காஸ் 60°, அதாவது 2.5. எட்டில் இரண்டரை போக மிஞ்சுவது 5.5. இரண்டாவது முக்கோணத்தில் 5.5-இன் வர்க்கம் 30.25, குத்துயரத்தின் வர்க்கம் 18.75, கூட்டினால் 49. மூன்றாவது பக்கம் 7. பரப்பளவும் அதே குத்துயரத்திலிருந்து, 8-இல் பாதியை 4.33-ஆல் பெருக்க, 17.32 என்று கிடைத்துவிட்டது. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து இதையே மீண்டும் செய்யச் சொன்னபோது, இன்னும் பாடத்தில் வந்திராத கொசைன் விதியைச் சில மாணவர்கள் தாங்களாகவே எழுதி முடித்திருந்தார்கள்.